யாரும் எழுதித் தராத வசனம்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

முட்டிவலி தேவலையா? எனக்கு விருது தரப்போவதை டிவியில் பார்த்திருப்பாய். வாங்கிக்கொண்டு இறங்கிவிட முடியாதாம். நேரலையில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். காய்ச்சல் என்று சொல்லிவிடப் போகிறேன்.

எழுதித் தந்த வசனம் என்றால் வாய் மடமடவென்று ஓடுகிறது. சொந்தமாகப் பேசினால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. பேட்டி தராததால் தலைக்கனம் பிடித்தவன் என்கிறார்கள். அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். சிரிப்பு நடிகன் திக்குவாயன் என்று தெரிந்தால் யார் சிரிப்பார்கள்? இல்லை, சிரிப்பார்கள். அதுதான் பயம்.

என் குட்டி மருமகள் சிட்டுவுக்கு முத்தங்கள்.

உன் தம்பி

ஜூன் 9

என் தங்கத் தம்பிக்கு,

மாடிப்படி ஏறாதவரை முட்டி நல்ல முட்டிதான்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் இருந்தேன். சிட்டுவுக்கும் திக்குகிறது. வகுப்பில் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டினார்களாம். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. “மா... மாமா மாதிரி எனக்கு ஏம்மா பேச வரல?” என்கிறாள். நீ இங்கே வந்தாலும் அவள் முன்னால் வாயைத் திறப்பதில்லையே. அவளுக்குத் தெரிந்த மாமா டிவியில் இருப்பவர்தான். உன் ரகசியத்தை நான் எப்படிச் சொல்வேன்?

விழாவுக்குப் போ என்று சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 21

அக்கா,

போனேன். ‘வணக்கம்’ சொல்ல ‘வ’ வரவே இல்லை. அரங்கமே சிரித்தது. நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். திக்கத் திக்கக் கைதட்டல். அப்படியே நடிப்பாக்கிவிட்டு இறங்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

“இ... இது நடிப்பு இல்லைங்க. நா... நான் பேசுறதே இப்படித்தான்” என்றேன். சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அதன்பிறகு பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலையில், நான் அடுத்து நடிக்கவிருந்த படத்தின் தயாரிப்பாளர், “படத்தை அப்புறம் பார்க்கலாம்” என்றுவிட்டார். வருத்தம்தான். ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சிட்டு பார்த்தாளா?

தம்பி

ஜூன் 26

தம்பி,

பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து உருண்டு உருண்டு சிரித்தார்கள். நீ விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே சிட்டு எழுந்து நின்று, “சி... சிரிக்காதீங்க. மாமாவுக்கு வா... வார்த்தை வரல” என்றாள்.

பள்ளிக்கூடம் இன்னும் போகவில்லை. பார்க்கலாம் என்கிறாள். ஆனால் போனைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுவாள். நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை நீ வைத்துவிடாதே. நீ சொல்லி முடிக்கும்வரை அவளும் வைக்க மாட்டாள்.

உன் அக்கா