சோறு வரட்டும்

4-8-1957, ஞாயிறு

இன்று முதல் எழுதுகிறேன். கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து. ஒரு வரி முடிவதற்குள் ஒரு சுருட்டு எரிந்துவிடுகிறது. ஆனாலும் நான் எழுதியதை நானே படிக்கிறேன்! முருகா, போதும்.

எழுத விஷயமும் இருக்கிறது. மகள் மல்லிகாவைப் பெண் கேட்கிறார்கள். பையன் பெயர் செங். அவள் வேலை செய்யும் தையல் கடைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறான். சீனப் பையன். மல்லிகாவும் பிறப்பில் சீனக் குழந்தைதான்; கைக்குழந்தையாக எங்களிடம் வந்து, என் மனைவி பொன்னம்மா மடியில் வளர்ந்தவள். சாம்பார் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

முதலில் இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட வேண்டுமாம், புங்கா ராயா தெருவில் இருக்கும் சீன மாடி ரெஸ்டாரண்டில். பிறகுதான் கல்யாணப் பேச்சு. இது அவர்களுக்கு ஏழாம் மாதம், நல்ல காரியம் ஆகாது. எங்களுக்குப் புரட்டாசி பிறந்தால் கவிச்சி ஆகாது. இடையில் செப்டம்பர் 15 என்று முடிவாயிற்று.

அந்த மாடிக்குக் கீழே எத்தனையோ வருடம் ரோடு கூட்டியிருக்கிறேன். படி ஏறியதில்லை.

10-8-1957

குச்சியால் சாப்பிடப் பழக வேண்டும். என்னால் மல்லிகா தலைகுனியக் கூடாது. என்னோடு முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த சுப்பையனைக் கூட்டிக்கொண்டு மலிவான இடத்திலிருந்து தொடங்கினேன். காஜா பேராங் தெரு முனையில் மீ வண்டி; மீ என்றால் நீளநீளமான சீனச் சேமியா. மீ நழுவி நழுவி விழுந்தது.

"என்னாயா அப்பாசாமி, மீ சாப்புடுறியா, தூண்டில் போடுறியா?" என்றான் சுப்பையன்.

வண்டிக்காரர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்துக் குச்சியைச் சரியாக வைத்துவிட்டார். நல்ல மனுஷர்.

17-8-1957

இன்றும் மீ. சட்டையில் சிந்தவில்லை.

25-8-1957

அடுத்த படி. ஆற்றோரம் கோழிச்சோற்றுக் கடை. பளிங்கு மேசை, சுழலும் காற்றாடி. சோற்றை உருண்டை பிடித்துத் தருகிறார்கள்! குச்சிக்கு லகுவாக இருந்தது. சுப்பையன் கையாலேயே விழுங்கினான். பெரிய இடத்திலும் இப்படித்தானே இருக்கும்? உட்கார்ந்ததும் சோறு, தொட்டுக்கொள்ளக் கறி. பயம் போய்விட்டது.

31-8-1957

மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை நாள். தெருவெல்லாம் கொடி. காப்பிக்கடை முதலாளித் தவுக்கே இன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. 'சுதந்திரம்' என்று பிழையில்லாமல் எழுதிவிட்டேன்.

15-9-1957

படி ஏறினேன். வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசை. மாட்டுக்கறி வேண்டாமென்று செங்கின் அம்மா முன்னாடியே சொல்லிவைத்திருந்தார். என்ன பெரிய மனது!

சுறாத் துடுப்பு சூப், கோழி, வாத்து, முழு மீன் — வந்துகொண்டே இருந்தன. சோறுதான் வரவில்லை. சோறில்லாமல் வெறும் கறியை அள்ளித் தின்றால் பறக்கிறான் என்று நினைக்கமாட்டார்களா? ஆளுக்கொரு விள்ளலோடு பொன்னம்மா, மல்லிகா, நான் மூவரும் காத்திருந்தோம். அந்த அம்மா வைக்க வைக்க, நான் "அப்புறம், அப்புறம்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

கடைசியில் சோறு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டி நிமிர்ந்தேன். மற்றவர்கள் குச்சியைக் கீழே வைத்திருந்தார்கள். மீன் வெறும் முள்ளாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

18-9-1957

மல்லிகா அழுத கண்ணோடு வந்தாள். செங்கின் அம்மா சொன்னாராம், "நம்ம சாப்பாடு அவங்களுக்கு அருவருப்பா இருக்கு. அந்தப் பொண்ணுகூட தொடல. எப்படி ஒண்ணா இருக்க முடியும்?"

ஐயோ. இப்படியா ஆச்சு? பழகிப் பழகிப் போனேனே — இதை ஏன் யாரிடமும் கேட்கல?

22-9-1957

பொன்னம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்கே போனோம். சுற்றி வளைக்கவில்லை. "சோறு வரும்னு உக்காந்திருந்தோம்மா" என்றேன் மலாயில்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "மூணு பேருமா?"

"மூணு பேரும்தான்" என்றாள் பொன்னம்மா. "வீட்டுக்குப் போயி பானையக் கவுத்துட்டோம்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மொதல்லயே சோறு வச்சா, கறிக்குக் கஞ்சப்பட்டு வயித்த ரொப்புறாங்கன்னு எங்க ஆளுங்க பேசுவாங்க. அதனாலதான் கடைசியில."

கைநிறைய ஆரஞ்சு கொடுத்தார். தை மாதம் கல்யாணம் என்று பேசிவிட்டோம்.

26-1-1958, ஞாயிறு

காலையில் கோயிலில் தாலி ஏறியது. சாயங்காலம் அதே மாடியில் விருந்து. சூப்புக்கும் முன்னால், எங்கள் மேசைக்கு மட்டும் ஆவி பறக்கச் சோறு வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் காதோடு காது பேசிக்கொண்டார்கள். செங்கின் அம்மா கேட்டும் கேட்காதவர் போல நின்றார்.

"அள்ளுய்யா, மறுபடி தூக்கிட்டுப் போயிரப் போறாங்க" என்றான் சுப்பையன்.

நான் மணமக்கள் மேசையைப் பார்த்தேன். மல்லிகா முன்னாலும் ஒரு கிண்ணம் சோறு இருந்தது.