வெள்ளிக் கால்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சினாப்பள்ளி
14-10-1945

என் அன்புள்ள மகன் இன்னாசிமுத்துவுக்கு அம்மா சகாயம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் உன் தங்கை லூர்துராணியும் நலமாக இருக்கிறோம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. லூர்து அதைச் சத்தமாக வாசிக்க, அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

யுத்தம் முடிந்தும் லீவு கிடைக்கவில்லை என்கிறாய். இந்தத் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவனுக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. உனக்கு மட்டும் ஏன் லீவு இல்லை என்று நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம். அதற்குப் பதிலாக, துரைமார் குடும்பங்கள் எல்லாம் விடுமுறைக்குக் குல்மார்க் மலைக்குத்தான் வருகிறார்கள், நீங்களும் ஒரு தடவை வந்து பனியைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பேச்சுக்குத்தான் எழுதினாயோ என்னவோ, உன் அப்பா அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டார். மறுநாளே பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில்வே பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இத்தனை வருஷ சர்வீஸில் வேளாங்கண்ணியைத் தாண்டிப் பாஸ் கேட்காத மனுஷர், ராவல்பிண்டிக்குக் கேட்டதும் ஆபீஸில் சிரித்தார்களாம்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே இருக்கிற மாதிரி யோசனை. மதராஸ் போய், டில்லி போய், ராவல்பிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் காஷ்மீரம். கடைசியில் மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து மலை ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாய். குதிரை மேல் நான் உட்கார்ந்தால் குதிரைக்குத்தான் ஆபத்து என்று லூர்து சொல்கிறாள். அவள் வாயை அடக்க அண்ணன்காரன் ஊரில் இல்லை, அதுதான் இந்த ஆட்டம்.

பட்டாளத்துக் கம்பளி இப்போது கடைவீதியில் கிடைக்கிறது. மூன்று பேருக்கும் கோட்டுத் தைக்கக் குத்புதீன் பாயிடம் கொடுத்திருக்கிறோம். திருச்சியில் கம்பளிக் கோட்டுக்கு அளவு எடுத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அளவு எடுக்கும்போதே எனக்கு வியர்த்து ஊற்றியது. பாய் நாடாவை இறக்கிவிட்டு, ‘அந்தக் குளிரு எப்படிம்மா இருக்கும், சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன தைக்கலாம்’ என்றார். எனக்கு என்ன தெரியும்? அப்பாவின் ஆபீஸ் ஹெட் கிளார்க் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், பத்ரிநாத் போய் வந்தவர். அவரைக் கேட்டதற்கு, ‘பெருமாளைச் சேவிக்கிற வரைக்கும் குளிர் தெரியலை, சேவிச்சுட்டுத் திரும்பறச்சேதான் விரல் பத்தும் போச்சுன்னு நினைச்சேன்’ என்றாராம். சுக்கும் மிளகும் இடித்து எடுத்துப் போகச் சொன்னார். இடித்து வைத்துவிட்டேன்.

நீ காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறாய் என்று எழுதியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பொன்மலைப் பாறையில் சறுக்கிச் சறுக்கி மாதம் ஒரு நிஜார் கிழித்தவன்தானே. ஸ்டோரில் பலகைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றாயே, அப்புறம் சறுக்க நேரம் எப்படி? அடிபட்ட கால் அல்லவா, பார்த்து நட.

முக்கியமானதை மறந்துவிட்டேன். செப்டம்பர் திருநாளுக்கு வேளாங்கண்ணி போய் என் பொருத்தனையை முடித்துவிட்டேன். போன வருஷம் பர்மா எல்லையில் உன் லாரி கண்ணிவெடியில் ஏறிவிட்டது, காயம் என்று தந்தி வந்ததே, அன்றைக்கே மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். காலில்தான் அடி, இப்போது முழுச் சுகம் என்று நீ எழுதினாய். வெள்ளியில் ஒரு கால் செய்து கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்தேன். லூர்து தன் கொலுசை அவளாகவே கழற்றிக் கொடுத்தாள். ஆசாரி, வலது காலா இடது காலா என்று கேட்டார். நீ எழுதவில்லையே. வலது என்று சொல்லிவிட்டேன். சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் நகம்கூட வைத்து அழகாகச் செய்திருந்தார்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு தூங்கு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அம்மா
சகாயம்மாள்

*

சேசு மரி சூசை

பாலக்கரை
2-1-1946

அன்புள்ள மகன் இன்னாசிக்கு அம்மா எழுதுவது. புது வருஷத்தில் உனக்கு எல்லா நன்மையும் வரட்டும். இங்கே நலம் என்று எழுத வேண்டியது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் வரவேண்டாம், வழி அடைத்திருக்கும் என்று எழுதினாய். அப்பா பாஸைத் திருப்பிக் கொடுத்து மார்ச்சுக்கு மாற்றி வாங்கினார். ஃபோர்மன் ஏதோ சொன்னாராம், என்ன என்று என்னிடம் சொல்லவில்லை. இப்போது மார்ச்சில் பனி சரிந்து விழும், வேண்டாம் என்கிறாய். கோடையில் ஸ்டோர் மூடியிருக்கும், நான் எங்கே இருப்பேனோ தெரியாது என்கிறாய். கடிதத்துக்கு ஒரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறாய். வர மனமில்லாதவனுக்கு வாசல்படியும் மலை என்பார்கள். வா என்று கூப்பிட்டவனுக்கே இப்படி ஆனதை நான் கேட்டதில்லை.

மூன்று கோட்டும் தைத்து வந்துவிட்டன. பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. கனமான மேசைக்குப் பின்னால் நிற்கிறாய், உனக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பலகைகள். இளைத்திருக்கிறாய். நான் கேட்டது பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் நிற்கிற போட்டோ. மேசையைப் பார்ப்பதற்கு நான் ஏன் கேட்கிறேன்? அப்பா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அங்கே யாரையாவது கட்டிக்கொண்டாயா? வேறு ஜாதி, வேறு வேதம், எதுவானாலும் சொல்லிவிடு. நான் கத்துவேன், இரண்டு நாள் சாப்பிட மாட்டேன், பிறகு சரியாகிவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா? இல்லை, துரைமார் நடுவில் பொன்மலை ஃபிட்டர் குடும்பம் கம்பளிக் கோட்டும் சுக்குப்பொடியுமாக வந்து இறங்குவது உனக்கு வெட்கமா? அப்படியானாலும் எழுது. வருத்தம்தான் படுவேன், சாக மாட்டேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

நடுச்சாமப் பூசைக்கு மூன்று பேரும் போய் வந்தோம். உன் பங்கு அதிரசத்தை எறும்பு மொய்க்கிற வரைக்கும் வைத்திருந்து, பிறகு பக்கத்து வீட்டு ஷரீபா பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி வருகிறது. எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். லூர்து சொந்தக்காரர் யாரையோ வழியனுப்பப் போய், வடக்கே இருந்து வந்த வண்டி முழுவதும் காலியாகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தாளாம். அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்களை அங்கே வரவேண்டாம் என்றால், நீ இங்கே வா. இரண்டில் ஒன்று.

உன் அம்மா

*

சேசு மரி சூசை

பாலக்கரை
17-3-1946

என் ராசா இன்னாசி,

காத்தமுத்து வந்திருந்தான்.

உன்னோடு லாரி ஓட்டினானே, உப்பிலியபுரத்துக்காரன், அவன்தான். பட்டாளத்திலிருந்து விடுபட்டு ஊருக்குப் போகிற வழியில் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தான். மத்தியானம் சாப்பிட உட்கார வைத்தேன். தபசு காலம், கறி கிடையாது, பருப்பும் முருங்கைக்கீரையும்தான். பரிமாறிக்கொண்டே உன் பெருமையைப் பேசினேன். போட்டோவைக் காட்டினேன். துரைமாரோடு சரிக்குச் சரி சறுக்குகிறானாம் என்றேன். அவன் பிசைந்த சோற்றை எடுக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். உறைப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். அப்போதுதான், ‘அம்மா, அவன் உங்களுக்கு எழுதவே இல்லீங்களா’ என்றான்.

இடது கால். முழங்காலுக்கு மேலே. கூடார ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனது தான்தான் என்றும், எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்னபோது தான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னான். எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் ஆறுதல் சொல்ல வந்தானாம். எச்சில் கையோடு அழுதான். நான் அவனைச் சமாதானப்படுத்தி, மோர் ஊற்றிச் சாப்பிட வைத்து அனுப்பினேன். பிறகு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ ஒரு காலை மலைக்குப் பின்னால் மறைத்துவிட்டாய். மற்றவர்கள் கட்டிக்கொண்டு சறுக்குவதற்குப் பலகையை எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் துடைத்து வைத்துவிட்டு, எனக்கு உட்கார்ந்து என்னவெல்லாம் எழுதியிருக்கிறாய். பனியில் இறங்கும்போது காதில் காற்று அடைக்கிறது என்று எழுதினாயே, அதை எந்தத் துரையிடம் கேட்டு எழுதினாய்? எனக்கு உன் மேல் கோபம். இன்னும் தீரவில்லை. நேரில் வந்தால்தான் தீரும்.

எங்களை ஏன் வரச் சொன்னாய் என்பதும் இப்போது புரிகிறது. நம்மை யாரும் அறியாத ஊரில் வைத்து எங்களுக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாய். நாங்கள் பாஸ் வாங்கிவிட்டோம் என்றதும் அதற்கும் மனம் வரவில்லை. தெரு பார்க்குமே என்றுதானே வராமல் இருக்கிறாய்? பார்க்கும். ஐயோ பாவம் என்று சொல்லும், உன் எரிச்சலைக் கிளப்பும். அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் நான்தான் தெரு முழுக்கச் சறுக்குகிறான் என்று சொல்லி வைத்தவள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நானே. அதில் உனக்கு வேலை இல்லை.

மாதாவோடும் சண்டை போட்டேன். இல்லாத காலுக்கு என்னிடம் நன்றிக் காணிக்கை வாங்கிக்கொண்டாளே, இது என்ன நியாயம்? அந்த வெள்ளிக் காலைத் திருப்பித் தருவார்களா என்று நம் கோவில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து மாதா படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். விளக்கு ஏற்றவில்லை. லூர்து தனியாக உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். அவளுக்கு நான் பதில் ஜெபம் சொல்லவில்லை.

உன் அப்பா அந்த வாரம் முழுவதும் வாய் திறக்கவில்லை. போட்டோவைப் பார்த்த அன்றைக்கே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது, அதையும் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமை அவரே படத்தை நேராகத் திருப்பி வைத்து, திரி போட்டு விளக்கு ஏற்றினார். பிறகு என்னிடம், ‘ஆசாரிகிட்ட எந்தக் காலுன்னு சொன்ன’ என்று கேட்டார். வலது கால் என்றேன். ‘அது இருக்குல்ல’ என்றார். அவ்வளவுதான். சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். ஆசாரி கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னவள் நான். அதையே மாதா கேட்டுக்கொண்டு அந்த ஒரு காலை எனக்கு விட்டுவைத்தாளா? மற்றதையும் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று இப்போதும் கேட்கத்தான் கேட்கிறேன். ஆனால் விளக்கை அணைக்கவில்லை.

பாஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. குல்மார்க்கும் வேண்டாம், பனியும் வேண்டாம். பட்டாளத்தில் கொடுக்கிற ஊன்றுகட்டை கக்கத்தை அறுத்துப் புண்ணாக்கும் என்று காத்தமுத்து சொன்னான். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பழைய ரயில் பெட்டித் தேக்குச் சட்டம் ஒன்றை அப்பா கேட்டு வாங்கிவந்து கொல்லையில் உட்கார்ந்து உனக்குக் கட்டை இழைத்தார். கக்கத்தில் படுகிற இடத்துக்கு மெத்தை வேண்டும் என்றார். என் கோட்டைக் குத்புதீன் பாயிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அத்தனை கெட்டித் தையல் போட்டவர், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கத்திரியை எடுத்தார். மெத்தையை நாலு மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார். கூலி வாங்கவில்லை.

கட்டை எல்லாம் தயார். அடியை மட்டும் வெட்டாமல் நீட்டமாக விட்டு வைத்திருக்கிறார். பத்தொன்பது வயதில் போனவன், அதற்கப்புறம் வளர்ந்திருப்பான், எனக்குத் தெரியவில்லை என்கிறார். வெட்டிவிட்டால் சேர்க்க முடியாதாம்.

எனக்கு விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். வருகிறேன், வரவில்லை என்றுகூட எழுத வேண்டாம். கக்கத்திலிருந்து தரை வரைக்கும் எத்தனை அங்குலம், அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. அப்பா ரம்பத்தைத் தீட்டி வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் மாதா உன் கையை விடாமல் இருப்பாளாக.

உன் அம்மா