துறையூர் ரோட்டில் நாம் விட்டுவந்த கற்கள்

மாமா,

இன்று காலை ஆபீஸ் வேன் சஞ்சீவி நகரைத் தாண்டியதும் மெதுவானது. முன்னால் ஒரு சிமென்ட் லாரி பழுதாகி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பத்தடி தள்ளி, மற்ற வண்டிகளுக்கு எச்சரிக்கையாக, புதிதாக ஒடித்த பெரிய புங்கங்கிளை ஒன்றும் நாலைந்து கருங்கற்களும் சாலையில் கிடந்தன. எங்கள் வேனின் சக்கரம் கிளையின் நுனியில் ஏறி இறங்க, நசுங்கிய பச்சிலை வாசம் ஜன்னல் வழியாக வந்தது. மற்றவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் கற்கள் மறையும்வரை திரும்பிப் பார்த்தேன். லாரி கிளம்பும்போது அந்தக் கற்களை யார் எடுப்பார்கள் என்ற கேள்வி நவல்பட்டு ஆபீஸ் வாசல் வரைக்கும் கூடவே வந்தது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். கேஸை அணைத்தேனா என்று பார்க்க, திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை முறை வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். நீங்கள் வாசலில் நின்று சிரிப்பீர்கள். என்னை டெஸ்டிங் வேலைக்கு எடுத்தவன் கெட்டிக்காரன், சம்பளம் கொடுத்துப் பயப்படச் சொல்லியிருக்கிறான் என்பீர்கள். அத்தை மகன் என்கிற உரிமையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்த கேலி அது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கேஸை அணைத்தேனா என்று திரும்பி ஓடினால் பூட்டிய கதவுதான் இருக்கிறது.

ஞாயிறு முழுக்க துறையூர் பக்கத்தில் அத்தை வீட்டில் இருந்துவிட்டு, திங்கள் விடிகாலையில் சின்ன வெங்காய மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டையாக உங்கள் மினி லாரியில் ஏறிவருவேன். என்னைத் திருவானைக்காவலில் இறக்கிவிட்டு நீங்கள் காந்தி மார்க்கெட்டுக்குப் போவீர்கள். குளித்துவிட்டுப் போனாலும் திங்கட்கிழமைகளில் என் சீட்டைச் சுற்றி வெங்காய வாசம் அடிப்பதாக ஆபீஸில் சொல்வார்கள். அந்த வாசத்தோடுதான் ஐரோப்பாவின் கார்களைப் பரிசோதித்தேன்.

அப்படி ஒரு பயணத்தில்தான் என் வேலை என்னவென்று முழுசாகக் கேட்டீர்கள். நானும் சொன்னேன். அங்கே கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள். வழியில் ஒரு கார் பழுதாகி நின்றால், அது தானாகவே செய்தி அனுப்பும். சாலையோரத்தில் நட்டிருக்கிற கம்பங்கள் அந்தச் செய்தியைக் கேட்டு மறுபடி மறுபடி சொல்லும். பின்னால் வருகிறவர் வளைவைத் திரும்புவதற்கு முன்பே, முன்னே வண்டி நிற்கிறது என்று அவர் கண் முன்னால் ஒரு விளக்கு எரியும். பனியிலும் மூட்டத்திலும் மோதிச் சாகிறவர்கள் குறையட்டும் என்று அரசாங்கங்களே இதற்குப் பணம் போடுகின்றன, கம்பம் நடுகின்றன, தங்கள் சாலைகளைச் சோதனைக்குத் திறந்துவிடுகின்றன. அந்தச் செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று இங்கே உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.

எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டீர்கள். பிறகு, "ஆக, அங்க தழை ஒடிச்சுப் போடறதுக்கு கவர்மென்ட்டே காசு குடுக்குது" என்றீர்கள். மண்ணச்சநல்லூர் வருகிறவரை நான் சிரித்தேன். எங்கள் ஆபீஸில் யாரும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டே இருந்தீர்கள்.

"சரி, வண்டி போனப்புறம் அதை யாரு எடுப்பா?"

வண்டி நகர்ந்ததும் நான் போய்விட்டேன் என்று அதுவே இன்னொரு செய்தி அனுப்பும், அனுப்பாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்தில் பழைய செய்தி செத்துவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். நம்மை விடப் புத்தியுள்ள வண்டி என்று ஒத்துக்கொண்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். இது நடந்து நாலு வருஷமாகிறது. அந்தத் திட்டத்துக்குப் பணம் போடும் ஒரு நாட்டின் சாலைத்துறையிலிருந்து இரண்டு பேர் எங்கள் ஆபீஸுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டியவள் நான். முந்தின நாள் முழுக்க அத்தை வீட்டில் சோறு இறங்கவில்லை. புலிவலம் தாண்டி ஒரு வளைவில் பின் டயர் போயிற்று. நீங்கள் ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு ஜாக்கியை எடுத்தீர்கள். வரப்போரமாகக் கிடந்த கற்களைப் பொறுக்கிவந்து கிளைக்குப் பின்னால் வரிசையாக வைத்தவள் நான். பெரிசாகவே பார்த்து வைத்தேன், எனக்கு எதிலும் குறை வைக்கத் தெரியாது.

ஸ்டெப்னி மாட்டி முடிக்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. நேரமாச்சு, ஏறுங்க என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நீங்கள் கையைக் கூடத் துடைக்காமல் ஏறினீர்கள். வண்டி நகர்ந்தபோது பக்கத்துக் கண்ணாடியில் கற்கள் தெரிந்தன. இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை, மாமா. நீங்கள் மறந்தீர்கள், நான் மறக்கவில்லை. பார்த்தேன். நிறுத்தச் சொன்னால் இன்னும் ஐந்து நிமிஷம் போகும் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டேன். சாலையில் நிற்கிற வண்டியைப் பற்றி எப்படி எச்சரிப்பது என்று வெள்ளைக்காரர்களுக்கு விளக்கப் போகிற அவசரம் எனக்கு.

நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் உங்களுக்கு நினைவு வந்தது. வண்டியை ஓரம் கட்டினீர்கள். யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம் இருந்தது. இத்தனை பயப்படுகிறவளுக்கு இதில் மட்டும் எப்படிப் பயமில்லை என்கிற ஆச்சரியமாக இருக்கலாம்.

"வைச்சவங்களே எடுக்கலன்னா வேற எவன் புள்ள எடுப்பான்" என்றீர்கள். என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூட்டைகளோடு வந்த வழியே வண்டியைத் திருப்பினீர்கள்.

ஆபீஸில் எல்லாம் நன்றாக நடந்தது. விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரிந்தது, அணைய வேண்டிய நேரத்தில் அணைந்தது. வந்தவர்கள் கை குலுக்கினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். "எடுத்துப் போட்டுட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான். நான் கை குலுக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அதற்கு அடுத்த வாரமே வண்டியில் நாலு செங்கல் வந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி சுற்றி, ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் மறுமுனையை வண்டியின் பின்கொக்கியில் கட்டினீர்கள். நின்றால் செங்கல்லை இழுத்துப் போட வேண்டும், மறந்து கிளம்பினாலும் அது கூடவே வரும். காந்தி மார்க்கெட்டில் நாய்க்குட்டி மாதிரி கல்லைக் கட்டி இழுத்துப் போகிறான் என்று கேலி செய்தார்கள். போதாததற்கு, வழியில் அடுத்தவர்கள் விட்டுப்போன கற்களைக் கண்டாலும் இறங்கி ஓரத்தில் தள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுப்பீர்கள். என் பயம் உங்களுக்கும் தொற்றிவிட்டது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இப்போது ஆபீஸில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வரும் குளிர்காலத்தில் நிஜமான சாலையில், நிஜமான மனிதர்களின் கார்களில் இதை ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். அதற்கு முன் எல்லாச் சோதனைகளையும் முடித்துக் கொடுத்தால்தான் அந்த அரசாங்கம் அடுத்த கட்டத்துக்குக் கையெழுத்துப் போடும். போன மாதம் எனக்கு ஒரு கோளாறு தட்டுப்பட்டது. பழுதான கார் பேட்டரியும் செத்து நின்று, அதை வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு போகிறது என்று வையுங்கள். நான் போய்விட்டேன் என்று சொல்ல அந்தக் காருக்கு உயிர் இல்லை. பழைய செய்தி தானாகச் சாக வேண்டும். ஆனால் கம்பம் அதைத் திரும்பச் சொல்லும்போதெல்லாம் புதிதாக நேரத்தைப் போட்டுவிடுகிறது. செய்திக்கு வயசே ஆவதில்லை. காலியான சாலையில், இல்லாத வண்டிக்காக, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

எப்போதாவதுதான் இப்படி ஆகிறது. எங்கள் டீம் லீட் நல்ல மனிதர், என்னை விட ஐந்து வயது சின்னவர். கூடுதலாக ஒரு எச்சரிக்கை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், இதை முடித்ததாகப் போட்டுவிட்டு மென்பொருளின் அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை. பனி உறைந்த சாலையில் விளக்கைப் பார்த்து ஒருவர் பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வருகிற பழைய காரில் அந்த வசதி கிடையாது. அதில் யார் இருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வேலை போய்விடுமோ என்றும் பயம், வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகுமோ என்றும் பயம். ஒரு மாதமாக அந்தச் சோதனையை முடித்ததாகவும் போடவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் அவர்களோடு வீடியோவில் மீட்டிங். அந்தச் சாலைத்துறை அதிகாரியம்மா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோளாறாக, ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னுடையது வந்தது. எப்போது ஆகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கடைசிக் கேள்வி எல்லாவற்றுக்கும் பொதுவானது. எடுக்காமல் விட்டுப்போன இந்த எச்சரிக்கையால் இதுவரை யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?

டீம் லீட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். தெரியாது என்றேன். நான் விசாரிக்கவில்லை என்றேன்.

டீம் லீட் சட்டென்று என் பக்கம் திரும்பினார். ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கார்களால் யாருக்கு அடிபடும்? அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கேலியாக இல்லை. அப்படியானால் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை இது திறந்தே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டார்.

மீட்டிங் முடிந்ததும் டீம் லீட் என் சீட்டுக்கு வந்தார். "உங்களுக்கு என்னங்க ஆச்சு? லேப்ல எப்படிங்க அடிபடும்?" என்றார். திங்கட்கிழமை பேசலாம் என்று போய்விட்டார். அது எந்த மாதிரிப் பேச்சு என்று தெரியவில்லை. அதைப் பற்றிப் பயப்பட இன்று எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கல்லை எடுக்க நீங்கள் திரும்பிப் போன அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கழற்றிப்போட்ட சட்டை, நீலக் கட்டம் போட்டது. வலது கையிலும் மார்பிலும் கறை இருந்தது. கிரீஸ் என்றீர்கள். உங்கள் சட்டைகளைப் பதினோரு வருஷம் துவைத்தவள் நான். கிரீஸ் கறை மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தாலும் லேசில் போகாது. அது பச்சைத் தண்ணீரில் ஊறியதுமே விட்டது, வாளித் தண்ணீர் சிவந்தது. கல் கிழித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு போடும்போது உங்கள் இரண்டு கையையும் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம். நீங்கள் தலை குனிந்து ரொம்ப நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் கேட்கட்டும் என்று காத்திருந்தது போல. நான் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அதன் பிறகு உங்கள் நெஞ்சுவலி வரைக்கும் இரண்டு வருஷம் இருந்தது, மாமா. ஒரே வீட்டில், ஒரே வண்டியில். நீங்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். நான் அதைத் தெரிந்துகொண்டே உங்களைத் தனியாகச் சுமக்க விட்டேன். எனக்கு வந்த பயங்களிலேயே உங்களுக்குக் கெடுதல் செய்தது, கேட்கப் பயந்த அந்த ஒன்றுதான்.

நாளை சனிக்கிழமை. டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடிக்கப்போகிறேன். அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை இருந்தது. வெங்காய வண்டிக்காரர் ஒருவர் திரும்பிவந்து யாரைத் தூக்கினார், எங்கே கொண்டுபோனார் என்று அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கும். ஒன்றுமில்லை, சின்னக் காயம்தான் என்று சொல்வார்களோ, ஒரு வீட்டைக் கைகாட்டுவார்களோ, தெரியாது. கைகாட்டினால் அந்த வாசலில் போய் நிற்பேன். என் புருஷன் எடுக்க வந்தார், வைத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அவர்கள் கேட்டால் சொல்வேன்.

பயமாகத்தான் இருக்கிறது மாமா. கேட்டுவிட்டு வருகிறேன்.