ஏழாம் நம்பர் ரூமும் கப்பல் ஜன்னலும்

கோச்சடை, மதுரை
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அங்கே டொராண்டோவில் நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூன்று பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. ஞாயிற்றுக்கிழமைதானே வீடியோவில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் பீமாராவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். உன் தம்பி கட்டாயம் படிப்பான், படித்தால் படிக்கட்டும், அவனுக்கும் முப்பத்தொரு வயதாகிறது.

திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. வெயில் தாங்கவில்லை, கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, உன் அம்மா எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு அதற்கப்புறம் முழங்கால் வலிக்கிறது என்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. நீ அனுப்பிய முழங்கால் பட்டையை இரண்டு நாள் போட்டாள், அரிக்கிறது என்று கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். அலங்காநல்லூரிலிருந்து வீரணன் மாமா போன வாரம் டூவீலரில் வந்தார், கப்பலில் போகிறோம் என்று சொன்னதும் அவருக்கு ஆயிரம் சந்தேகம். அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல ஒரு பக்கமா வந்து நின்னா கப்பல் சாயாதா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது, அவர் அடுத்த முறை வரும்போது கேட்பார்.

இப்போது ரூம் விஷயத்துக்கு வருகிறேன். நீ முதலில் என்ன சொன்னாய்? ஜூலையில் நீங்கள் அங்கிருந்து சிங்கப்பூர் வந்துவிடுவீர்கள், நாங்கள் இங்கிருந்து வந்து சேர வேண்டும், நாலு நாள் கப்பல், எங்களுக்கும் ஜன்னல் வைத்த ரூம் போடவா அப்பா என்று கேட்டாய். நான்தான் வேண்டாம் என்றேன். எல்லாவற்றிலும் குறைந்த, உள்பக்கத்து, ஜன்னல் இல்லாத ரூமைப் போடு, ரூம் நம்பரை இப்போது சொல்லாமல் கிளம்பும் சமயத்தில் தருவார்களே அந்த வகையில் போடு என்று சொன்னதும் நான்தான். அதற்குக் கீழே இறக்க மாட்டார்கள், மாற்றினால் அதே காசுக்கு மேல் வகை ரூமுக்கு ஏற்றத்தான் செய்வார்கள் என்று நீ படித்துக் காட்டியபோது எனக்கு ஒரே குஷி. முப்பத்திரண்டு வருஷம் லாட்ஜில் ரூம் கொடுத்தவனிடம் வந்து இதைச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாத நெளிவு சுளிவா?

எங்கள் லாட்ஜில் எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. முகூர்த்த நாளில் முதலில் நிரம்புவது சாதா ரூம்தான். பன்னிரண்டு சாதா ரூமுக்குப் பதினான்கு பேரிடம் சரி என்று சொல்லி வைத்திருப்போம், இரண்டு பேராவது வர மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். பதினான்கு பேரும் வந்து நின்றுவிட்டால்? மாடியில் ஏசி ரூம் சும்மாதானே கிடக்கிறது, இரண்டு பேரை அங்கே ஏற்றிவிட வேண்டியதுதான். அந்த இரண்டு பேர் யார் என்பதில்தான் சூட்சுமம். வந்ததும் வராததுமாக யார் தெரியுமா நான், யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று ஆரம்பிப்பவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது. பையை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணே குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்பவனுக்குத்தான் என் கை தானாகவே மாடிச் சாவிக்குப் போகும். ஒற்றை ஆளாக வருபவனை ஏற்ற மாட்டோம், இரண்டு பேருக்கான ரூம் வீணாகிவிடும். கைக்குழந்தையோடு வருபவர்களைச் சமையல்கட்டுக்கு மேலே உள்ள ரூமில் போட மாட்டோம், பாத்திரச் சத்தத்தில் குழந்தை தூங்காது. கப்பலிலும் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ரூம் உண்டா? அங்கேயும் சாவி மாட்டுகிற பலகை இருக்குமா, அதற்கு முன்னால் என்னைப் போல ஒருத்தன் நிற்பானா? அப்படி ஒருத்தன் நின்றால் அவனிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவிக்குக் கொடுக்க ஒரு பந்து மதுரை மல்லி கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தேன். உன் அம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சும்மா யோசித்தால் ஆகாது, விசாரித்துவிடுவோம் என்று பழங்காநத்தத்தில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கிற நல்லகாமன் கடைக்குப் போனேன். அவன் நம் பீமாராவோடு படித்தவன், கப்பல் டிக்கெட்டும் போடுகிறான். உட்காருங்க சித்தப்பா என்று சொல்லி டீ வாங்கிக்கொடுத்துவிட்டு என் நினைப்பை எல்லாம் ஒன்றொன்றாக உடைத்தான். ஆள் யாரும் சாவி எடுத்துக்கொடுப்பதில்லையாம், கம்ப்யூட்டர்தான் போடுகிறதாம். ஏற்கெனவே பலமுறை அதே கம்பெனிக் கப்பலில் போனவர்களுக்குப் புள்ளி சேர்ந்திருக்கும், அவர்கள் முன்னால் போவார்களாம். சில பேருக்கு மேல் ரூம் வேண்டுமா, எவ்வளவு தருவாய் என்று ஏலம் மாதிரி கேட்டு மெயில் வருமாம். உள் ரூமிலிருந்து ஜன்னல் ரூமுக்கு ஏறுவது அப்பப்போ நடக்கும், பால்கனி வரைக்கும் ஏறுவது நம் ஊரில் மே மாதம் மழை பெய்கிற கணக்கு என்றான். பள்ளி விடுமுறைக் காலத்தில் கப்பலே நிரம்பிவிடும், அப்போது ஏற்றுவதற்கு இடமே இருக்காது சித்தப்பா என்றும் சொன்னான். இன்னொன்று சொன்னான், அது எனக்குப் புதுசு. ஜன்னல் ரூம் என்று கொடுப்பார்களாம், வெளியே எட்டிப் பார்த்தால் நேர் எதிரே ஆபத்துக்கு இறக்குகிற படகு தொங்கிக்கொண்டிருக்குமாம். எங்கள் லாட்ஜிலும் பதினெட்டாம் நம்பர் அப்படித்தான், ஜன்னலைத் திறந்தால் லாட்ஜ் பெயர் போர்டின் முதுகுதான் தெரியும். நான் அதையும் ஜன்னல் ரூம் என்றுதான் எழுதிக்கொடுப்பேன். எல்லா ஊரிலும் ரூம் கொடுக்கிறவன் புத்தி ஒன்றுதான் போலிருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

அவன் கம்ப்யூட்டரில் அந்தக் கப்பலின் உள் ரூமைப் படமாகக் காட்டினான். அதைப் போனில் அனுப்பச் சொல்லி வாங்கிவந்து உன் அம்மாவிடம் காட்டினேன். கட்டில் நன்றாக இருக்கிறது, விளக்கு நன்றாக இருக்கிறது, குளியலறை நம்முடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. உன் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். முதல் கேள்வி, தலைமாடு எந்தப் பக்கம்? வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டாள் என்று உனக்குத்தான் தெரியுமே. நான் கட்டிலை வைத்துத் திசை பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அவளே, கப்பல் திரும்புனா தலையும் சேந்து திரும்பிருமேங்க என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க எத்தனை தடவை திரும்பும், எந்த நேரத்தில் வடக்கே போகும் என்று யாராவது சொல்ல முடியுமா? கேட்டுப் பார். அப்புறம், விடிஞ்சது எப்படித் தெரியும் என்று கேட்டாள். டி.வி.யில் ஒரு சேனலில் கப்பலுக்கு முன்னால் தெரிகிற கடலை நாள் முழுக்கக் காட்டுவார்கள், அதைப் போட்டுவிட்டால் வெளிச்சம் தெரியும் என்று நல்லகாமன் சொன்னதைச் சொன்னேன். டி.வி.ல கடலைப் பாக்குறதுக்குக் கப்பலுக்கு எதுக்குப் போகணும், நம்ம வீட்லயே பாக்கலாமே என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சொன்னாள், சரி விடுங்க, ஏழாம் நம்பர்ல இருந்த மாதிரி கதவை ஒருக்களிச்சு வச்சுக்கிறேன், எனக்கென்ன புதுசா.

இசை, இதைத்தான் உன்னிடம் சொல்ல உட்கார்ந்தேன். உனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் நினைவிருக்காது. வைகையில் வெள்ளம் வந்த வருஷம் நாம் ஆற்றோரத்தில் வாடகைக்கு இருந்தோம். இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு லாட்ஜுக்குத்தான் வந்தேன், வேறு எங்கே போவது. அன்றைக்கு ஊரே மழையில் கிடந்தது, தங்குவதற்கு ஆள் வரவில்லை, மாடியில் தெருவைப் பார்த்த ரூம் நாலு காலி. சாவி எல்லாம் என் கைக்கு எட்டுகிற பலகையில் தொங்கியது. நான் எடுத்தது ஏழாம் நம்பர். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் கிடையாது, பழைய மெத்தையும் உடைந்த நாற்காலியும் போட்டு வைக்கிற ரூம். முதலாளி சுருளி தடுத்தாரா என்று நீ கேட்டால், இல்லை. அவர் ஊரிலேயே இல்லை. நம் ஆட்களை முன்ரூமில் வைத்தால் நாளைக்கு அவர் வந்து என்ன சொல்வாரோ, மேனேஜர் வேலை கொடுத்தது தப்பாப் போச்சு என்று நினைத்துவிடுவாரோ என்று நானே பயந்தேன். அவர் வாயிலிருந்து வராத வார்த்தைக்கு நான் முன்கூட்டியே கட்டுப்பட்டேன். மூன்று நாள் கரண்டும் இல்லை. உனக்குக் காய்ச்சல். உன் அம்மா கதவை ஒருக்களித்து வைத்து அந்த இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துத்தான் விடிந்ததைத் தெரிந்துகொள்வாள். மூன்று நாளும் அந்த நாலு ரூமும் பூட்டியே கிடந்தன. சுருளி முதலாளி பிறகு வந்து விஷயம் தெரிந்ததும், பிள்ளையைக் கொண்டுபோயி அதுலயா வச்சே, மேல போட்டிருக்கலாமேப்பா என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.

உன் அம்மா இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து அந்த நம்பரைச் சொன்னபோதுதான் மறக்கவில்லை என்று தெரிந்தது. கோபமாகச் சொல்லவில்லை, தோசை திருப்பிக்கொண்டே சும்மா சொன்னாள், அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் ஜன்னல் வேண்டாம் என்று நான் சொன்னதும் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று இப்போது புரிகிறது. மேலே இருக்கிற யாரோ ஒருத்தர் நம்மைப் பார்த்து, இவர்களை ஏற்றிவிடலாம் என்று நினைக்கட்டும் என்றுதான் திரும்பவும் காத்திருந்தேன். முன்பு முதலாளி, இப்போது கம்ப்யூட்டர். உன் அம்மாவுக்கு ஒரு ஜன்னல் கொடுக்க நான் யாரையும் எதிர்பார்க்க வேண்டிய அவசியம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதனால் இதைப் படித்ததும் முதல் வேலையாக ரூமை மாற்று. வெள்ளிக்கிழமை வரைக்கும் மாற்றலாம் என்று நீதான் சொன்னாய், அதற்கப்புறம் முடியாதாம். ஜன்னல் உள்ள ரூமாக, நம்பர் இப்போதே கையில் வருகிற மாதிரி போடு. பாக்கியை நான் கட்டுகிறேன், வேண்டாம் அப்பா என்று சொல்லாதே, இது நான் கட்ட வேண்டியது. எதிரே படகு தொங்குகிற ஜன்னல் கூடாது, நன்றாக விசாரித்துப் போடு. சமையல்கட்டுக்கும் ஆட்டம்பாட்டம் நடக்கிற இடத்துக்கும் மேலேயோ கீழேயோ வேண்டாம். நடுவில் கிடைத்தால் அலைக்கு ஆட்டம் குறைவு என்று நல்லகாமன் சொல்கிறான், லிஃப்டும் பக்கத்தில் இருக்கும், அவள் முழங்காலுக்கும் நல்லது. உங்கள் ரூமுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்னக்குட்டி நடந்து வரட்டும். இனிமேல் மேல் ரூம் கொடுக்கிறோம் என்று மெயில் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. தொழில்காரன் புத்தி, விடாது. ஆனால் அவளிடம் நீ எதுவும் சொல்லாதே. நம்பர் வந்ததும் காகிதத்தில் எழுதி அவள் கையில் நானே கொடுக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து அப்படி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். கப்பலைப் பற்றி இசையிடம் சில சந்தேகம் கேட்கிறேன், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். நான் மோரைக் குடித்து முடிக்கும் வரை நின்றாள். கப்பல்ல சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு கேளுங்க என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜன்னல் இல்லாத ரூமில் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள் கேட்கிற கேள்வி இது. எந்தப் பக்கம் என்று விசாரித்து, அந்தப் பக்கத்து ரூமாகப் போடம்மா.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும், சின்னக்குட்டி நீண்ட ஆயுளோடு நிறையப் படிக்க வேண்டும். எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. குளிரில் வெறும் காலோடு நடக்காதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கையில் எல்லாச் சாவியும் இருந்தும் உங்களை ஏழாம் நம்பரில் படுக்க வைத்த
உன் அப்பா
கருப்பு