ஓரத்தில் முளைத்த படிகம்

பிப்ரவரி 6

அமிலத்தில் கழுவி வந்த பிளேடுகளை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். விமான எஞ்சினுக்குள் நெருப்பில் சுழலப்போகிறவை. ஒவ்வொன்றும் முழுக்க ஒரே படிகமாக உறைந்திருக்க வேண்டும். பிளேடின் அடியில் உள்ள தட்டின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் மங்கும்போது அது மட்டும் மின்னுகிறது. தானாக முளைத்த வேறு படிகம். விரிசல் விட்டால் அந்த எல்லையில்தான் விடும்.

ஒன்றிரண்டு என்றால் ஒதுக்கலாம். பாதிக்கு மேற்பட்ட பிளேடுகளில் இருக்கிறதே!

வார்த்தது இவர். என் வீட்டுக்காரர்.

பிப்ரவரி 7

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெள்ளிக்கிழமை சரக்கு ஏறணும்மா. ஓரத்துலதானே இருக்கு?"

"ஓரமும் அதே பிளேடுதானே சார்."

"உங்க வீட்டுக்காரர் வார்த்தது. அவர் பேரும் கெடும். யோசிங்க."

யோசித்தேன். மொத்தத்துக்கும் ‘தள்ளுபடி’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன்.

பிப்ரவரி 8

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே வெடித்தார். "எல்லாரும் சிரிக்கிறாங்க. பொண்டாட்டியே புருஷன் வேலைய குப்பைன்னுட்டாளாம்."

"குப்பைன்னு சொல்லல. திட்டு இருக்குன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒட்டியிருக்கலாம்ல?"

இது மட்டும் குத்துகிறது. சொல்லியிருக்கலாமோ? சொன்னால் கெஞ்சியிருப்பார். கெஞ்சினால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. அதனால்தான் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

நாத்தனார் போன். "கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன அண்ணி குறைஞ்சிடும்?"

"அந்த விமானத்துல போறவங்க குறைஞ்சிடுவாங்க" என்றேன். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை, துடைக்கும் துணி, சோப்பு – இவற்றுக்கு நான் காவல். என் சீட்டுகளைக் கிழித்துவிட்டு மறுபரிசோதனையாம்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இங்க வசதியா இருக்காம்மா?"

"இருக்கு சார். இங்கேருந்து பாத்தாலும் அந்தத் திட்டு தெரியுது."

அவர் போனபின் அழுதேன். எழுதுவதற்கென்ன, அழுதேன்தான். ஆனால் அவர் போனபின்.

பிப்ரவரி 13

வாங்குகிற கம்பெனிக்கே எழுதப்போகிறேன் என்று இம்முறை இவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அச்சை உலையிலேருந்து மெதுவா இறக்கணும். அவசரம்னு மேனேஜர் வேகத்தைக் கூட்டச் சொன்னாரு. ஓரம் முந்திக்கிட்டு குளிர்ந்து திட்டு விழும் சார்னேன். நான் பாத்துக்கறேன்னாரு. கூட்டிட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அடப்பாவி மனுஷா! அப்புறம் எதுக்கு என்மேல பாஞ்சே? ஆத்திரத்தில் ஒருமையிலேயே கேட்டுவிட்டேன். கை கழுவி வந்து சொன்னார்: "அதையும் எழுது. என் பேரைப் போட்டே எழுது."

பிப்ரவரி 21

கடிதம் கிடைத்து, வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மொத்தமும் தள்ளுபடி. புதிதாக வார்க்க வேண்டும்.

எனக்குக் கிடங்குதான். மேனேஜர் மேனேஜர்தான்.

மார்ச் 4

மதியம் கிடங்கு வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் இவர், கையில் மாற்றல் உத்தரவு.

தாமதமாகிறது என்று மேனேஜர் மறுபடி வேகத்தைக் கூட்டச் சொன்னாராம். "எழுத்துல குடுங்க சார், கூட்டறேன்" என்றாராம் இவர். எழுத்துக்குப் பதில் இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மேடம், நான் எங்க உக்காரணும்?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தேன்.

மார்ச் 6

உலைக்கு வேறு ஆள் போட்டார்கள். அவரும் எழுத்தில் கேட்டாராம். அவருக்கு அடுத்தவரும் கேட்டாராம். கிடங்கில் இனி நாற்காலி போட இடமில்லை.

அச்சு மெதுவாகத்தான் இறங்குகிறதாம்.