முப்பத்திரண்டு பேரும் தினமும் வந்தார்கள்

செம்பாக்கம்,
22 பிப்ரவரி 2026.

அன்பும் மதிப்பும் மிக்க அனந்தகிருஷ்ணன் சார் அவர்களுக்கு, பக்கத்து வீட்டு லாசரஸ் வணக்கத்துடன் எழுதுவது.

நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயற்குழு சென்ற ஞாயிறு கூடி, இரண்டே கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு முக்கியமான முடிவை எடுத்தது என்பதை, சங்கத்தின் முன்னாள் தலைவரான உங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இனிமேல் எந்த அலுவலகத்துக்கும், எந்த அதிகாரிக்கும், வேலை நடப்பதற்கு முன்னால் நன்றி சொல்வதில்லை. முன்மொழிந்தவர் இப்போதைய தலைவர் ஏகநாதன். வழிமொழிந்தவன் செயலாளராகிய நான். எதிர்ப்பு எதுவும் இல்லை. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் சிக்கல் வந்தது. நிகழ்ச்சி நிரலில் கடைசியாக நன்றியுரை இருந்தது. கூட்டம் முடியாமல் கூட்டத்துக்கு நன்றி சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு இன்னும் இருபது நிமிடம் ஆனது. கடைசியில் எல்லோரும் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்ட பிறகு வாசலில் நின்று நன்றி சொன்னேன்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் தபால். சென்ற மாதம் உங்கள் மகன் ஷ்யாம்சுந்தரிடம், உங்கள் பாஸ்போர்ட்டில் புறப்பாட்டு முத்திரை விழுந்த பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். எதற்கென்று சொல்லவில்லை. உங்கள் பெயரில் ஏதாவது வழக்கோ என்று நீங்கள் இரண்டு நாள் தூங்கவில்லையாம். வழக்கு இல்லை சார். நீங்கள் இங்கே தினமும் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதை நிறுத்த வேண்டியிருந்தது.

ஏரிக்கரைப் பக்கம் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் முதியோர் பகல்நேர மையம் திறந்தார்களே, 2024 ஜூலையில், நினைவிருக்கும். ரிப்பன் வெட்டினார்கள், நாம் பொன்னாடை போட்டோம். உங்கள் கொள்கை உங்களுக்குத் தெரியும்: "முதல்லயே நன்றி சொல்லிட்டா அவங்களுக்குக் கூச்சமாயிடும் லாசரஸ் சார், செஞ்சுதான் தீரணும்." டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் அது பலித்ததும் உண்மை. அதனால் நான் ஒரு கடிதம் வரைந்தேன். தினமும் சத்தான மதிய உணவும், உடற்பயிற்சியும், அன்பான கவனிப்பும் வழங்குவதற்கு மனமார்ந்த நன்றி. கீழே முப்பத்திரண்டு மூத்த குடிமக்களின் பெயர், வயது, கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களுடையது. மறுநாள் மையத்தைப் பூட்டினார்கள். அடுத்த மாதம் நீங்கள் மெல்போர்ன் போனீர்கள், ஆறு மாதத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு.

சென்ற மார்ச்சில் என் மனைவி கெசியாவுக்குப் பக்கவாதம் வந்ததை அறிவீர்கள். வலது கை, வலது கால், கொஞ்சம் பேச்சு. தினமும் பயிற்சி கொடுத்தால் நடப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்காரருக்கு என் ஓய்வூதியம் மூன்று மாதம் ஈடுகொடுத்தது. பூட்டிய மையமோ எங்கள் வாசலிலிருந்து முந்நூறு அடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பயிற்சி சைக்கிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கும். சாவி வைத்திருக்கும் காவலாளி வெற்றிவேலைக் கேட்டால், "இன்னா சார் பண்றது, பெருக்க சொல்லோ மட்டும் தொறக்குறேன். ஈ காக்கா வர்ல, ஆனா மாசமானா சைன் வாங்கிகினு பூடுறாங்க" என்பார்.

அந்த மையத்தில் எத்தனை பேர் பயன்பெறுகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப்போவதாகக் கெசியா சொன்னாள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். "உங்க லெட்டர் ஒண்ணு போதும்" என்றாள். இடது கையால் எழுதினாள். ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. கணக்கு டீச்சரின் கையெழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது போல் இருந்தது. கேள்விகள் அப்படி இல்லை.

முப்பது நாளில் வர வேண்டிய பதில் நாற்பத்தோராம் நாள் வந்தது. பெரிய கட்டு. மையத்தை நடத்த ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள். மிகச் சிறப்பாக நடக்கிறது. நாள்தோறும் முப்பத்திரண்டு முதியோர் பயன்பெறுகிறார்கள். பதினேழு மாதத்துக்கான தொகை முழுவதும் வழங்கப்பட்டுவிட்டது. ஆதாரமாக வருகைப் பதிவேட்டின் நகலும், அந்தப் பகுதி மக்களே மனமுவந்து கொடுத்த நன்றிக் கடிதமும் இணைக்கப்பட்டிருந்தன. நல்ல நடை சார், என்னுடையது. பதிவேட்டில் நம் முப்பத்திரண்டு பெயரும், நாம் கையெழுத்துப் போட்ட அதே வரிசையில். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கெசியா நான்கு நாள் அதைப் புரட்டினாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டவள். ஐந்தாம் நாள், வராதவர்களுக்குப் போடும் சிவப்பு மை ஒரு பக்கத்திலும் இல்லை என்றாள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பதினேழு மாதத்தில் ஒருவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் இல்லை, ஒருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை.

குடியரசு தினத்தன்று பகுதி சபைக் கூட்டம். கவுன்சிலர் வந்திருந்தார், மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், சமோசாவும் வந்திருந்தது. ஏகநாதன் மையத்தைப் பற்றிக் கேட்டதும் அதிகாரி நம் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "நீங்களே தேங்க்ஸ் லெட்டர் கொடுத்துட்டு நீங்களே கேள்வி கேட்டா எப்படி சார்?" எழுதியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கெசியா எழுந்தாள். தடியை ஊன்றி, என் கையைப் பிடிக்காமல். பேச்சு இன்னும் குழறும் என்பதால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "போன வருஷம் மார்ச் ஏழாம் தேதி. வெள்ளிக்கிழமை. மெனு, லெமன் சாதம். நான் பேர் கூப்பிடறேன். வந்தவங்க சொல்லுங்க" என்றாள்.

முதல் பெயர் உங்களுடையது. நான் எழுந்து, "மெல்போர்ன், டீச்சர்" என்று சொல்லி, பாஸ்போர்ட் நகலை அதிகாரியிடம் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர் ஏகநாதன். "அன்னிக்கு தாம்பரத்துல ஒரு வளைகாப்பு டீச்சர். லீவ் லெட்டர் கொடுக்கல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். மூன்றாவதாக அச்சுதன் பெயரைக் கூப்பிட்டாள். அவர் மனைவி சாவித்ரி எழுந்து நின்றார். "அவர் போய் அன்னிக்கு ரெண்டரை மாசம் டீச்சர். இருந்தப்பவே லெமன் சாதம்னா தட்டைத் தள்ளிடுவார்" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். வரல டீச்சர். வரல டீச்சர். அறுபது எழுபது வயதுக்காரர்கள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல எழுந்து நின்று சொன்னார்கள். பதினேழாவது பெயர் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள். "கெசியா. ஐ.சி.யூ., மூணாம் நாள்" என்றாள். பிறகு பதினெட்டாவது பெயரைக் கூப்பிட்டாள். முப்பத்திரண்டு பெயருக்குப் பதினோரு நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. சமோசாவை யாரும் தொடவில்லை. நம் கூட்டங்களின் வரலாற்றில் இது முதல் முறை.

கடைசியில் அதிகாரியைப் பார்த்து, "எல்லாரும் எல்லா நாளும் வந்த கிளாஸை நான் பார்த்ததே இல்ல சார். சரி, அந்தச் சாப்பாட்டை யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்து அந்தக் கேள்வியை அப்படியே நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதினார். நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என் மிஸஸ்" என்றேன். "தெரியும் சார்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். கல்யாணமான நாற்பத்தோரு வருடத்தில் நான் அவளுக்குச் செய்த உதவி அந்தப் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொடுத்தது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

விசாரணை வந்தது. எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்தது. தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் ரத்து. தொகையைத் திரும்ப வசூலிக்க உத்தரவு. மையத்தை அலுவலகமே நேரடியாக நடத்தும். மாதா மாதம் எத்தனை சாப்பாடு, எவ்வளவு செலவு என்று வாசலில் கரும்பலகையில் எழுத வேண்டும் என்பது கெசியா வைத்த நிபந்தனை. பலகை வந்துவிட்டது. அவளே உயரம் பார்த்து, சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் படிக்கும்படி கீழே இறக்கி மாட்டச் சொன்னாள். நாளை திங்கட்கிழமை திறப்பு. பத்து நாளைக்கு முன் அதிகாரி போன் செய்து, ஃபைலுக்கு ஒரு நன்றிக் கடிதம் கிடைக்குமா சார் என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அதன் விளைவுதான் மேலே சொன்ன தீர்மானம்.

மற்றபடி, உங்கள் வீட்டை வாரம் ஒரு முறை திறந்து பெருக்கச் சொல்கிறேன். சப்போட்டா காய்த்துக் கொட்டுகிறது. அணில்கள் உங்களை விசாரித்தன. போன வாரம் ஒரு புரோக்கர் வந்து வாசலில் நின்று போட்டோ எடுத்தார். தவறான வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தவறான வீடுதானே?

கெசியா எழுந்து நடந்தால் குன்றத்தூர் முருகனுக்குப் படியேறி வருவதாக நீங்கள் போனில் வேண்டிக்கொண்டீர்கள். நான் வேறு கோயில்காரன். ஆனாலும் ஒரு செயலாளனாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவள் நடக்கிறாள் சார். படிகளும் அங்கேயேதான் இருக்கின்றன. கர்த்தர் உங்கள் முழங்கால்களைக் காத்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் தங்கள்,
லாசரஸ்

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று திங்கள் இரவு. மையம் திறந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். கெசியா நான்கு நிமிடம் சைக்கிள் மிதித்தாள். சாப்பாடு சாம்பார் சாதம். புதிய பதிவேட்டிலும் பழைய வரிசைதான். பெயர் கூப்பிடும் பொறுப்பைக் கெசியாவிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயருக்கு நேரே, இடது கை எழுத்தில், சிவப்பு மையில், 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறது.