நீ கேட்ட வயல்

காலையில் நாற்று ஏற்றிப்போன டிராக்டரிலிருந்து ஒரு நாற்றுமுடி நம் வாசலில் விழுந்துவிட்டது. எடுத்தேன். வேரில் ஒட்டிய சேற்றின் வாசனை. வேலை முடிந்து நீ வரும்போது உன் சேலையில் வருமே, அதே வாசனை. நீ போய் மூன்று சம்பா ஆகிவிட்டது. அந்த முடியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

குத்தகைக்குச் செய்த மேட்டு வயலை நாம் இழந்தது என் வீம்பால்தான். இதை நீ ஒருநாளும் சொன்னதில்லை, நானே எழுதிவிடுகிறேன். கழக ஆட்சி வந்த பிறகு, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். சுவரில் எழுதியதைப் பார்த்தே எழுதப் படிக்கக் கற்றவன் நான். தெருவில் அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுதவில்லை. சித்திரையில் நல்லேர் கட்டி முதல் உழவு தொடங்கும்போது மிராசுதார் தன் கையால் எனக்கு வெற்றிலை பாக்கு கொடுப்பார். அந்த வருஷச் சாகுபடி எனக்கு என்று அதற்கு அர்த்தம்.

"ஊரறிய வெத்தல குடுத்தவரு இல்லைன்னா சொல்லுவாரு?" என்றேன்.

"எழுதித்தான் வைங்களேன். கை தேஞ்சா போவும்?" என்றாய்.

மனுக்களை விசாரிக்க வந்த அதிகாரியிடம், மேட்டு வயலில் குத்தகைக்காரன் யாரும் இல்லையென்றுதான் மிராசுதார் சொன்னார். என்னிடம் மனு எழுதி வாங்கியவர்கள் அவரவர் வயலில் இறங்கினார்கள். நான் வரப்பில் நின்றேன்.

அடுத்த சம்பாவுக்கு அதே வயலில் நீ கூலிக்கு நடப் போனாய். கேள்விப்பட்டு ஓடிவந்து, "மானம் இருந்தா கரையேறு" என்று கத்தினேன். நீ நிமிராமலே சொன்னாய்.

"அறுக்குறவ முன்னால போவா, இன்னும் எவ்வளவு கெடக்குன்னு மலைப்பா. நாங்க பின்னாலயே போறவளுங்க. நட்டதுதான் கண்ணுல படும். நீங்களும் கொஞ்சம் திரும்பி நின்னு பாருங்க."

"அண்ணனுக்கும் ஒரு முடி குடுடி, கோவம் எறங்கட்டும்" என்றாள் பக்கத்தில் நட்டவள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அறுப்பு வரை நான் உன்னோடு பேசவில்லை. நீ கோழியிடம் பேசினாய். "சோறு ஆறுது, வரச்சொல்லு." "வீம்பு வயித்த நெறைக்காதுன்னு சொல்லு." சிரித்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பிறகு பேசினோம். பிள்ளைகள் பெற்றோம், கட்டிக்கொடுத்தோம். அந்த வயலைப் பற்றி மட்டும் பேசவில்லை. நீ வருஷம் தவறாமல் அங்கே நட்டாய். நான் அந்தப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கடைசி வாரம், நீ கேட்டாய்.

"மேட்டு வயல்ல நடவு ஆயிடுச்சா? பச்சை புடிச்சிடுச்சா?"

"எவன் வயலோ, எனக்கென்ன தெரியும்" என்றேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று அந்த முடியோடு மேட்டு வயலுக்குப் போனேன். நேற்றுத்தான் நட்டிருக்கிறார்கள். மூலையில் நாற்று போதாமல் இரண்டு பாய் அகலம் விட்டுப்போயிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். மிராசுதாரை மன்னித்து இறங்கவில்லை. அவர் செத்தும் நான் மன்னிக்கவில்லை. குனிந்து, நட்டு, பின்னால் நகர்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் எவ்வளவு கிடக்கிறதென்று தெரியவில்லை. நட்டது மட்டும் தெரிந்தது. கோணல் வரிசை. கோழியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நீ சொன்னது சரிதான். திரும்பி நின்றால் வயல் போன வலி குறைகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிய உன் முதுகு மட்டும் நான் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிகிறது.

மேட்டு வயலில் நடவு ஆகிவிட்டது. இன்னும் பச்சை பிடிக்கவில்லை. பத்து நாள் ஆகும். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.